திருமலைராயன்: வசையில் வாழும் சிற்றரசன்

திருமலைராயன் (பொ.யு. 15-ஆம் நூற்றாண்டு) விஜயநகரப் பேரரசின் கீழ் சோழ நாட்டுப் பகுதியில் ஆட்சி செய்த சிற்றரசன். காரைக்காலுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள திருமலைராயன்பட்டினம் இவன் பெயரைத் தாங்கியது. கவி காளமேகத்தின் வாழ்க்கைக் கதையில் புலவரை மதிக்காத அரசனாக வருபவன். தமிழில் இவனைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் அந்தக் கதையைச் சுற்றியே அமைந்துள்ளன. அந்தக் கதையில் திருமலைராயன் பெறும் இடம் நியாயமானதா, கதை உண்மையில் யாரைப் பற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிரவி, விழிதியூர் முதலான ஊர்கள் அமைந்த காரைக்காலின் தென்பகுதியில் இவன் பெயர் இரண்டு இடங்களில் நிலைத்திருக்கிறது. ஒன்று ஊர். மற்றொன்று ஆறு. காவிரியின் கிளைகளில் ஒன்றான திருமலைராஜன் ஆறு இப்பகுதியில்தான் கடலை அடைகிறது. ஊரின் பெயர் பேச்சு வழக்கில் 'டி.ஆர். பட்டினம்' என்று சுருங்கிவிட்டது. அரசன் இரண்டு எழுத்தாகிவிட்டான். ஆற்றின் பெயர் மட்டும் இன்னும் முழுதாக இருக்கிறது. ஊரும் ஆறும் ஒருவனின் பெயரைச் சொல்லும்போது, இலக்கியம் அவனை ஊரை அழியவிட்டவன் என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்தே விவாதம் தொடங்குகிறது.

காளமேகத்தின் கதை

கதை பலருக்கும் தெரிந்ததே. வரதன் என்பவர் திருவரங்கம் கோயிலில் பரிசாரகர், அதாவது மடைப்பள்ளிப் பணியாளர். திருவானைக்காவைச் சேர்ந்த மோகனாங்கி என்ற தாசியின் மீது கொண்ட காதலால் சைவரானார். ஓரிரவு அகிலாண்டேசுவரியின் அருளால் தாம்பூல எச்சிலை வாயில் ஏற்றுக் கவியானார். கார்மேகம் போலப் பொழிந்ததால் காளமேகம் என்று பெயர் பெற்றார். பின்னர் திருமலைராயனின் அவைக்குச் சென்றார்.

அங்கே அதிமதுரகவிராயர் என்பவர் தலைமைப் புலவர். அவருக்குக் கீழே அறுபத்துநான்கு தண்டிகைப் புலவர்கள். தண்டிகை என்பது பல்லக்கு. அரசனின் செலவில் பல்லக்கில் செல்லும் தகுதி பெற்றவர்கள் என்று பொருள். அதிமதுரகவிராயரின் பல்லக்கு வரும்போது கட்டியக்காரன் சொல்வதைத் தானும் சேர்ந்து சொல்லக் காளமேகம் மறுக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. அதிமதுரம் என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு வேர் என்பதை வைத்து அவர் பெயரையே கேலி செய்கிறார். செய்தி அரசனுக்குப் போகிறது. அவைக்கு அழைக்கப்படும் காளமேகத்துக்கு உட்கார இடம் தரப்படவில்லை. அவர் நீட்டிய எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்ட அரசன் எதுவும் பேசாமல் இருக்கிறான். காளமேகம் கலைமகளைப் பாட, அரியணை ஒரு பக்கம் வளர்ந்து இடம் தருகிறது. அரசனுக்கு அருகிலேயே அமர்கிறார்.

பிறகு எமகண்டம். பள்ளத்தில் நெருப்பு, மேலே கொப்பரையில் கொதிக்கும் எண்ணெய், அதற்கு மேல் தொங்கும் உறி, உறியில் புலவர், கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள், கத்திகளின் சங்கிலிகள் யானைகளின் பிடியில். சுற்றி நிற்கும் புலவர்கள் கேட்கும் குறிப்புகளுக்கு உடனுக்குடன் வெண்பா பாட வேண்டும். தடுமாறினால் யானைகள் இழுக்கும். காளமேகம் வெல்கிறார். ஆனாலும் அரசன் பரிசு தரவில்லை. சினம் கொண்டு வெளியேறும் புலவர், ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று வசை பாடுகிறார். ஊர் மண்ணில் புதைகிறது.

கதை எப்போது எழுதப்பட்டது

இந்தக் கதை காளமேகத்தின் காலத்தில் எழுதப்பட்டதல்ல. தொகுத்தவர் பெயர் அறியப்படாத 'தமிழ் நாவலர் சரிதை' பல புலவர்களின் தனிப்பாடல்களைச் சிறு குறிப்புகளோடு தருகிறது. ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி தில்லையம்பூர் சந்திரசேகர கவிராயர் தொகுத்த 'தனிப்பாடல் திரட்டு' 19-ஆம் நூற்றாண்டில் அச்சாகிப் பரவியது. கதையை இன்று நாம் அறியும் வடிவில், உரையாடலும் காட்சியுமாக விரித்துச் சொன்னது அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார் எழுதிய 'விநோதரச மஞ்சரி' (1876). அரசன் வாழ்ந்த காலத்துக்கும் இந்த நூலுக்கும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

இடைவெளி இருப்பதாலேயே ஒரு கதை பொய்யாகிவிடாது. ஆனால் வாய்மொழியாக வந்த நினைவு எதை வைத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்க்க வேண்டும். இதற்கு வெகுதொலைவிலிருந்து ஓர் ஒப்புமை உதவும். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள், கமேஹமேஹா என்ற அரசன் 1795-க்குள் பெரும்பாலானவற்றை வென்று, 1810-இல் கவாய் தீவும் அவன் தலைமையை ஏற்கும் வரை, தனித்தனித் தலைவர்களால் ஆளப்பட்டன. அந்தத் தலைவர்களின் வரலாறு முழுக்க வாய்மொழியில் இருந்தது. சாமுவேல் கமாகாவ் என்ற ஹவாய் அறிஞர் 1866 முதல் 1871 வரை ஹவாய் மொழிச் செய்தித்தாள்களில் அதைத் தொடராக எழுதினார். தமிழில் தனிப்பாடல் கதைகள் அச்சேறிய அதே காலம். இரண்டும் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் எழுதப்பட்டவை. ஆனால் கமாகாவ் எழுதிய தலைவர்களுக்குத் தாய், தந்தை, மனைவியர், பிள்ளைகள், எதிரிகள், போர்கள், தவறுகள் எல்லாம் உண்டு. அங்கே தலைவனின் வம்சாவளியைப் பிழையின்றிச் சொல்வதே புலவனின் முதல் வேலை.

திருமலைராயன் கதையில் அப்படி எதுவும் இல்லை. அவனுடைய தந்தை யார், அவனுக்குப் பின் ஆண்டவர் யார், அவன் எந்தப் போரில் ஈடுபட்டான், எந்தக் கோயிலுக்கு என்ன செய்தான் என்று கதை ஒரு சொல் கூடச் சொல்வதில்லை. அவனுக்கு ஓர் அவை மட்டும் உண்டு. அந்த அவையிலும் அவன் பெரும்பாலும் பேசாமல் இருக்கிறான். தமிழ்க் கதை ஓர் ஆட்சியாளனை நினைவில் வைத்தது ஆட்சிக்காக அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அறுபத்துநான்கு பல்லக்குகள்

கதை தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும் இடம் ஒன்று உண்டு. வாசகர்கள் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். புலவரை மதிக்காதவன் என்று பழிக்கப்படும் அரசன் அறுபத்துநான்கு தமிழ்ப் புலவர்களைப் பல்லக்கில் ஏற்றி வைத்திருக்கிறான். அறுபத்துநான்கு என்பது கலைகளின் எண்ணிக்கை போல மரபான எண்தான். அதை அப்படியே கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் என்றே கொள்வோம். ஒரு பேரரசின் கீழ் வரி வசூலித்துக் கொண்டிருந்த சிற்றரசன் பத்துத் தமிழ்ப் புலவர்களுக்குப் பல்லக்கு கொடுத்தான் என்றால், அவனைத் தமிழ் அறியாதவன், கொடை இல்லாதவன் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் கதையில் நடக்கும் மோதல் யாருக்கிடையே? வரிசைப்படுத்திப் பார்த்தால் தெளிவாகும். முதல் அவமதிப்பு பல்லக்கில் வந்த புலவருக்கும் தெருவில் நின்ற புலவருக்கும் இடையே நிகழ்கிறது. இருக்கை தராமல் நெருங்கி உட்கார்ந்து அடைத்துக்கொள்பவர்கள் புலவர்கள். எமகண்டம் என்ற கொடிய தேர்வைக் கேட்பவர்களும் புலவர்களே. குறிப்புக் கொடுத்துத் தடுமாற வைக்க முயல்பவர்களும் அவர்களே. அரசன் செய்த குற்றம், தன் அவைப் புலவர்களின் பக்கம் நின்றது. அதாவது தான் சோறு போட்டு வளர்த்தவர்களைக் கைவிடாதது. அதிகாரத்தில் இருப்பவன் நடுவுநிலையில் நிற்க வேண்டும் என்ற வகையில் அது குற்றமே. ஆனால் பொறாமை என்ற குற்றம் யாருடையது என்பதில் கதைக்கே சந்தேகம் இல்லை. தண்டனை மட்டும் இடம் மாறிவிடுகிறது. அதிமதுரகவிராயருக்கு எதுவும் நேர்வதில்லை. அரசனின் ஊர் புதைகிறது.

ஊர் என்பதில் யாரெல்லாம் அடக்கம் என்ற கேள்வியும் கதையில் எழுவதில்லை. கடலுக்குப் போகிறவர்கள், நெல் விளைவிப்பவர்கள், தறி நெய்பவர்கள் யாரும் எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பேசாமல் இருக்கவில்லை. அவர்கள் வீட்டின் மேலும் மண் விழுகிறது. புலவரின் சொல்லுக்கு இருக்கும் ஆற்றலைக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்ட கதை, அந்த ஆற்றலுக்கு ஒரு விலை உண்டென்பதைக் கவனிக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரிக்கும் கண்ணகி, யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கடவுளுக்குச் சொல்கிறாள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பழைய காப்பியத்துக்கு இருந்த அந்தத் தயக்கம் பிந்தைய கதைக்கு இல்லை.

சங்க இலக்கியத்திலும் புலவர்கள் தலைவர்களிடம் சினம் கொள்கிறார்கள். பெருஞ்சித்திரனார், தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார் (புறநானூறு 208). ஔவையார், காத்திருக்க வைத்த அதே அதியமானின் வாயில்காவலனிடம் தமக்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும் என்ற பொருளில் பாடிப் புறப்படத் துணிகிறார் (புறநானூறு 206). இவற்றில் புலவரின் ஆயுதம் விலகிப்போவது. தலைவனின் ஊரை அழிப்பதல்ல. அந்த அதியமானையே ஔவையார் பிறகு எவ்வளவு பாடினார் என்பதும் நமக்குத் தெரியும். சினம் அந்த உறவின் ஒரு பகுதியாக இருந்தது. காளமேகத்தின் கதையில் உறவே இல்லை. புலவர் வருகிறார், வெல்கிறார், சபிக்கிறார், போய்விடுகிறார்.

காத்தானுக்குக் கிடைத்தது

காளமேகத்தின் பெயரில் வழங்கும் இன்னொரு கதை இதே கடற்கரையில், திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்தில் நடக்கிறது. காத்தான் என்பவரின் சத்திரத்தில் உணவு கிடைக்க வெகுநேரம் ஆகிறது. பசியில் இருந்த புலவர், அந்தச் சத்திரத்துக்கு அரிசி வந்து சேரும் நேரத்தையும் உலையேறும் நேரத்தையும் இலைபோடும் நேரத்தையும் கேலி செய்து ஒரு வெண்பா பாடுகிறார். காத்தான் வந்து வருந்திக் கேட்டுக்கொள்ள, அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொல்கிறார். ஊரெல்லாம் பஞ்சத்தில் வாடும் காலத்திலும் இங்கே மூட்டை மூட்டையாக அரிசி வரும் என்று பழிப்பு புகழாக மாறுகிறது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இதுதான் காளமேகத்தின் கலை. பாம்பும் எள்ளும், பாம்பும் வாழைப்பழமும், வைக்கோலும் யானையும் என்று பள்ளிப் பாடநூல்கள் வழியாக மாணவர்கள் படிக்கும் சிலேடைகளும் இதே வகை. ஒரு பாட்டுக்குள் இரண்டு வாசல் வைப்பவர் அவர். காத்தானுக்கு இரண்டாவது வாசல் திறக்கப்பட்டது. திருமலைராயனைப் பற்றிய வசையில் அந்த வாசல் இல்லை. சிலேடைக்குப் புகழ்பெற்றவரின் பெயரில் வழங்கும் வசைப் பாடல்களில் சிலேடை இல்லாதது கவனிக்கத்தக்கது. அவை நேரடியானவை, ஒரே பொருள் உடையவை, கோபத்தைத் தவிர வேறு நயம் அதிகம் இல்லாதவை. கவிதை என்ற அளவில் காளமேகத்தின் சிறந்த பாடல்களோடு அவற்றைச் சேர்த்துச் சொல்ல முடியாது. அவற்றின் புகழ் கதையால் வந்த புகழ்.

மண்மாரி என்ற கற்பனை மட்டும் வலுவானது. தமிழ் மரபில் மாரி என்பது கொடையாளனுக்கு உவமை. பாரி ஒருவனையே எல்லாரும் புகழ்கிறார்களே, உலகைக் காக்க மாரியும் உண்டல்லவா என்று கபிலர் பாடினார் (புறநானூறு 107). மேகம் போலக் கொடுப்பவன் தலைவன், பெறுபவன் புலவன். இக்கதையில் மேகம் புலவரின் பெயராகிவிடுகிறது. கொடுக்க வேண்டியவன் கொடுக்காதபோது, பெற வேண்டியவரே பொழிகிறார். பொழிவது நீர் அல்ல, மண். ஆயிரம் ஆண்டுகள் பழைய உவமையைத் தலைகீழாகத் திருப்பிய இந்த ஓர் இடத்துக்காகவே கதை இலக்கியமாகிறது. காவிரிக் கடைமடையில் இருப்பவர்களுக்கு இதன் கொடுமை கூடுதலாகப் புரியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதிக்குப் பிறகு நாட்களை எண்ணிக்கொண்டு, தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்களுக்கு மேகம் மண்ணைப் பொழியும் என்பதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

கல்வெட்டுகளில் உள்ள காலம்

வரலாற்றில் திருமலைராயன், சாளுவ மரபைச் சேர்ந்தவனாக அடையாளம் காணப்படுகிறான். 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழ நாட்டில் அதிகாரம் செலுத்தியவன். இதே சாளுவ மரபைச் சேர்ந்த நரசிம்மன்தான் பின்னர் 1485-இல் விஜயநகர அரியணையைக் கைப்பற்றினான். ஆகவே அவனை ஓர் ஊரின் குறுநிலத் தலைவனாக மட்டும் கொள்வது சரியல்ல. வளர்ந்துவந்த ஒரு படைத்தலைவர் குலத்தின் ஆள் அவன். அவனுடைய காலத்தில் டெல்டாவை ஆண்டவர்களின் மூல ஊர்கள் வேறு, மொழி பெரும்பாலும் தெலுங்கு. அந்த நிலையிலும் தமிழ்ப் புலவர்களின் அவை ஒன்றை அவன் வைத்திருந்தான் என்று அவனைப் பழிக்கும் கதையே சொல்கிறது.

அவன் அதிகாரத்துக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1429-இல், இதே டெல்டாவில் நடந்த ஒன்றைக் கொறுக்கை, ஆடுதுறை முதலான ஊர்களின் கல்வெட்டுகள் சொல்கின்றன. வலங்கை 98, இடங்கை 98 என்று தங்களைக் குறித்துக்கொண்ட உழவர், கைவினைஞர், வணிகர் குழுக்கள் கூடி, விஜயநகர அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் சுமத்திய வரிகளை எதிர்த்தன. இனி எந்த நிலத்துக்கு எவ்வளவு தருவோம், எதைத் தரமாட்டோம் என்று தாங்களே முடிவு செய்து கல்லில் வெட்டின. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா இந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஆள்பவர்கள் மீது மக்களுக்கு இருந்த சினத்தின் உண்மையான ஆவணம் இதுதான். இதில் சாபம் இல்லை, தெய்வம் இல்லை. அளவும் விகிதமும் உண்டு. திருமலைராயனின் ஆட்சியை மதிப்பிட விரும்பும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, 1429-இல் மக்கள் கேட்டதில் எவ்வளவு அவனுடைய காலத்தில் நடைமுறையில் இருந்தது என்பதே. ஒரு புலவருக்கு இருக்கை கொடுத்தானா என்பது அதற்குப் பிறகுதான். ஆனால் தமிழ்ப் பொதுநினைவில் கொறுக்கைக் கல்வெட்டுக்கு இடமில்லை; எலுமிச்சம்பழத்துக்கு இருக்கிறது. கதை சொல்லும் திறம் புலவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புதையாத ஊர்

கதையின்படி அழிந்த ஊர் அழியவில்லை. கடலோரத்தில் மணல் ஏறுவதும், புயலில் தெருக்கள் மூடுவதும், ஆற்றின் முகத்துவாரம் தூர்ந்து இடம் மாறுவதும் இப்பகுதியில் அதிசயங்கள் அல்ல. 1977 நவம்பர் புயலையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் 2018 கஜா புயலையும் கண்ட கரை இது. அப்படி ஏதேனும் ஒரு பழைய பேரிடரின் நினைவு, அதற்கு ஒரு காரணம் தேடி, காளமேகத்தின் பெயரில் வந்து சேர்ந்திருக்கலாம். பேரிடருக்குப் பின் அதற்கான பாவத்தைத் தேடுவது எங்கும் உள்ள வழக்கம்.

ஊரின் பெயர் உண்மையில் ஆபத்துக்கு உள்ளானது வேறொரு காலத்தில், வேறொரு வழியில். தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து காரைக்காலை விலைபேசிப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் அங்கே நுழைந்தார்கள். புதுச்சேரியில் அப்போது ஆளுநராக இருந்தவர் துய்மா. கோட்டையும் சில ஊர்களுமாகத் தொடங்கிய அந்த உடைமை பிறகு விரிந்தது. 1880-இல் பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டபோது காரைக்கால் பகுதிக்குக் கிடைத்த மூன்றில் ஒன்றின் பெயர் 'கிராந்த் அல்தே'. அது திருமலைராயன்பட்டினம். 'அல்தே' என்பது கிராமத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் வழி வந்தது. 'பெரிய கிராமம்' என்பதே அதன் பொருள். அரசனின் பெயரும் இல்லை, பட்டினமும் இல்லை. காளமேகத்தின் வசை செய்யாததைப் பிரெஞ்சு எழுத்தர்கள் ஆவணத்தில் செய்துவிட்டார்கள்.

ஆனாலும் மக்கள் பேச்சில் திருமலைராயன்பட்டினம் நின்றது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவுக்கு மாறிய பின் அலுவலகப் பலகைக்கும் அதுவே திரும்பியது. அந்தப் பெயரை நிலைநிறுத்தியதில் காளமேகத்தின் கதைக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். சபித்தவரின் கதை ஊரூராகச் சொல்லப்பட்டபோதெல்லாம் சபிக்கப்பட்டவனின் பெயரும் சேர்ந்தே சொல்லப்பட்டது.

திரையில் திருமலைராயன்

1940-இல் 'கவி காளமேகம்' என்ற திரைப்படம் வந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். காளமேகமாக நடித்தவர் நாதசுவர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. கதை, வசனத்தில் பங்காற்றியவர் பாரதிதாசன். அவர் 1909-இல் தம் ஆசிரியப் பணியைத் தொடங்கியது நிரவியில், அதாவது கதை நடக்கும் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்.

ராஜரத்தினம் பிள்ளை அந்த வேடத்தை ஏற்றது பொருத்தமே. தம் கலைக்குரிய மதிப்பைப் பெரிய மனிதர்களிடம் வற்புறுத்திப் பெற்றவர் என்று பேர் பெற்றவர் அவர். கலைஞனுக்கு இருக்கை உண்டா என்ற கேள்வி அவருக்கு பழங்கதை அல்ல. நாதசுவரக் கலைஞர்கள் ஊர்வலத்தில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்த காலம் அது. அதனால்தான் காளமேகத்தின் கதை நூற்றாண்டுகள் தாண்டியும் கேட்பவரைத் தொடுகிறது. இருக்கை மறுக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கதையின் அந்த நியாயத்தை மறுக்க முடியாது. மறுக்கப்பட வேண்டியது, அந்த நியாயத்தை நிறுவுவதற்காக ஓர் அரசன் முகமற்றவனாக ஆக்கப்பட்டது. அவனுடைய அவையின் மற்றப் புலவர்களும் அப்படியே. அறுபத்துநான்கு பேரில் அதிமதுரகவிராயர் தவிர ஒருவர் பெயரும் கதையில் நிலைக்கவில்லை. அவர்கள் என்ன பாடினார்கள் என்றும் யாரும் கேட்டதில்லை.

வாள் பாட்டு

தனிப்பாடல் தொகுப்புகளில் காளமேகத்தின் பெயரிலேயே இன்னொரு வெண்பா இருக்கிறது. பெண்ணைக் குறிக்கும் 'வாள்' என்ற வினைமுற்று விகுதியையும் போர்வாளையும் இணைத்து விளையாடும் பாட்டு. பகைவரை வென்ற திருமலைராயனின் கையில் இருப்பது மட்டுமே வாள், மற்றவை எல்லாம் பெயருக்கு வாள் என்பது அதன் கருத்து. போவதும் வருவதும் புகுவதுமான சாதாரணச் சொற்கள் அடுக்கி வருகின்றன; அத்தனையும் 'வாள்' என்று முடிகின்றன. சிரிக்காமல் படிக்க முடியாது. காளமேகத்தின் கை என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய வேகம் அதில் உண்டு. வசைப் பாடல்களில் அந்த வேகம் இல்லை.

வசையையும் இந்தப் பாட்டையும் பாடியவர் ஒருவரே என்றால், அவையில் எப்போதோ ஒரு நாள் புலவரும் அரசனும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். அந்த நாளைப் பற்றிக் கதை எதுவும் சொல்வதில்லை. சொல்விளையாட்டுக்கு எடுத்துக்காட்டாக இந்த வெண்பா மேடைகளில் சொல்லப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. முதலடியில் வரும் பெயர் காரைக்காலுக்குத் தெற்கே ஓர் ஊருக்கும் ஓர் ஆற்றுக்கும் உரியது என்பது பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.